பெராதீரியம்: பாரிஸ் ஜிப்சத்தில் கிடைத்த குட்டி ஒப்போசம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தொல்லுயிரியல் பேச்சில் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியேயின் பெயர் வந்தால் அடுத்து பெராதீரியம் என்ற இந்தச் சிறு விலங்கும் வந்துவிடும். அதோடு அதே பத்திருபது சந்தேகங்களும் வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

பெராதீரியம்னா என்ன? டைனோசர் வகையா?

இல்லை, இது ஒரு பாலூட்டி. டைனோசர்கள் அழிந்து சுமார் ஒரு கோடி ஆண்டு கழித்தே இதன் பற்கள் பாறைகளில் தென்படத் தொடங்குகின்றன. கங்காரு, கோவாலா, அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஒப்போசம் ஆகியவை அடங்கிய பைப்பாலூட்டிக் கூட்டத்தின் நெருங்கிய உறவு. 'பைம்மா' என்றும் தமிழில் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான்.

பெராதீரியம் என்பது ஒரு பேரினத்தின் பெயர். அதற்குள் பல சிற்றினங்கள் உண்டு. ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

ஒப்போசம்னு சொல்றீங்க, படத்துல பார்த்தா பெருச்சாளி மாதிரி இருக்கே?

வெளித்தோற்றம் ஏமாற்றும். வாயைத் திறந்து பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். எலி, பெருச்சாளி எல்லாம் கொறிணிகள்: மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி உளிப்பற்கள், அதற்குப் பின்னால் பல்லே இல்லாத இடைவெளி, அப்புறம் கடைவாய்ப் பற்கள். இன்றைய ஒப்போசத்தின் வாயில் 50 பற்கள். மேல்தாடையில் ஒரு பக்கம் 5 வெட்டுப்பல், கீழ்த்தாடையில் ஒரு பக்கம் 4. கோரைப்பல் உண்டு, கொறிணிக்கு அது கிடையாது.

பெருச்சாளி என்றதும் ஒரு வேடிக்கை. தெலுங்கில் பெருச்சாளிக்குப் 'பந்திகொக்கு' என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது 'பேண்டிகூட்' ஆயிற்று. பிறகு அதே பெயரைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியாவின் ஒரு பைப்பாலூட்டிக்கு ஒட்டிவிட்டார்கள். ஆக, எலியையும் பைப்பாலூட்டியையும் குழப்பிக்கொள்ளும் பழக்கம் புதிதல்ல.

எந்தக் காலத்துல, எந்த ஊர்ல வாழ்ந்தது?

முக்கியமாக மேற்கு ஐரோப்பா. பெல்ஜியத்தின் டோர்மால் என்ற இடத்தில் கிடைத்த 'பெராதீரியம் கான்ஸ்டன்ஸ்' ஈயோசீன் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது, சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுப் பழமை. 1927இல் பிரெஞ்சுத் தொல்லுயிரியலாளர் தெயார் த ஷர்தான் அதற்குப் பெயரிட்டார். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றின் ஜிப்சம் அடுக்கில் கிடைத்தது ஈயோசீன் முடிவுக்காலம், சுமார் மூன்றரைக் கோடி ஆண்டு. அதற்கு அடுத்த ஒலிகோசீன் காலத்திலும் இந்தப் பேரினம் தொடர்கிறது.

தென்மேற்குப் பிரான்சின் கேர்சி பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சுண்ணாம்புக்கல் பிளவுகளில் பாஸ்பேட் கலந்த களிமண் நிரம்பியிருக்கிறது. 1870ஐ ஒட்டி உரத்துக்காக அதைத் தோண்டத் தொடங்கினார்கள். உரத்தோடு எலும்பும் வந்தது. ஒவ்வொரு பிளவும் வெவ்வேறு காலத்தில் மூடிய பொறி. அதனால் சின்ன விலங்குகள் காலப்போக்கில் எப்படி மாறின என்று பார்க்க ஐரோப்பாவில் அதைவிட நல்ல இடம் குறைவு.

எகிப்தின் ஃபயூமில் கிடைத்த சில பற்களையும் 1984இல் இந்தப் பேரினத்தில் சேர்த்தார்கள். அதை வேறு பேரினமாகப் பிரித்தவர்களும் உண்டு.

பேருக்கு என்ன அர்த்தம்? யார் வச்சது?

கிரேக்கத்தில் 'பேரா' என்றால் தோள்பை, 'தீரியோன்' என்றால் விலங்கு. பை விலங்கு. 1850இல் பிரெஞ்சுக்காரர் ஓகுஸ்த் அய்மார் வைத்த பெயர். மோன்மார்த்ர் விலங்குக்கு அதற்கு முன்பே, 1829இல், 'கூவியேரி' என்ற சிற்றினப் பெயர் வந்துவிட்டது. அப்போது இன்றைய ஒப்போசத்தின் பேரினமான டைடெல்ஃபிஸில் வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து இப்போது பெராதீரியம் கூவியேரி.

எலும்பைப் பார்க்காமலே கூவியே சொல்லிட்டார்னு ஒரு கதை இருக்கே, நிஜமா?

நிஜம். ஆனால் கதையில் சொல்வதுபோல மந்திரம் எதுவும் இல்லை. மோன்மார்த்ரில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்காக ஜிப்சம் வெட்டியெடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த ஒரு கல் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே இருந்த சிறு எலும்புக்கூடும் கல்லோடு சேர்ந்து பிளந்து, ஒரு பாதி இந்தப் பலகையிலும் மறு பாதி அந்தப் பலகையிலும் இருந்தது. ஜார்ஜ் கூவியே முதலில் பார்த்தது தாடையை. கீழ்த்தாடையின் பின்மூலை உள்பக்கமாக மடிந்திருந்தது. பற்களும் ஒப்போசத்தினுடையவை போல் இருந்தன. அப்படியானால் இடுப்பெலும்புக்கு முன்னால், பைப்பாலூட்டிகளுக்கு மட்டுமே உண்டு என்று அப்போது நம்பப்பட்ட இரண்டு மெல்லிய எலும்புகளும் இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தார்.

இடுப்பின் அந்தப் பகுதி கல்லுக்குள் மறைந்திருந்தது. சிலரை வரவழைத்து, என்ன கிடைக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, நுண்ணிய எஃகு முனையால் கல்லைச் சுரண்டினார். இரண்டு எலும்புகளும் வெளியே வந்தன. 1804இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இதில் துணிச்சல் எங்கே என்றால், அது பொய்த்துப்போவதற்கும் வழி இருந்தது என்பதில்தான். சுரண்டி எதுவும் இல்லையென்றால் சாட்சிகள் முன்னால் முகம் சுளிக்க வேண்டியிருந்திருக்கும். இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. அன்றைக்கு ஒப்போசம் என்றால் அமெரிக்க விலங்கு. அது பாரிஸ் நகரத்துக் கல்லுக்குள் எப்படி வந்தது? அமெரிக்காவில் வாழும் குட்டி ஒப்போசங்களோடு ஒப்பிட்டு, எதோடும் பொருந்தவில்லை, இது அழிந்துபோன ஒன்று என்றார். விலங்கினங்கள் முற்றாக அழியக்கூடும் என்பதையே பலர் ஏற்காத காலம் அது.

அந்த ரெண்டு எலும்பு எதுக்கு? பையைத் தாங்கறதுக்கா?

பழைய பாடநூல்கள் அப்படித்தான் சொல்லின. 'பை எலும்பு' என்றே அழைத்தார்கள். ஆனால் பை பெண் விலங்குக்குத்தான், இந்த எலும்போ ஆண் பெண் இரண்டுக்கும் இருக்கிறது. ஆகவே பையைத் தாங்குவது முதன்மை வேலையாக இருக்க முடியாது. வயிற்றுத் தசைகளும் தொடைத் தசைகளும் இதில் பற்றுகின்றன. நடக்கும்போது, ஓடும்போது உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்ள உதவுகிறது என்பது இன்றைய விளக்கம். டாஸ்மேனியாவில் அழிந்துபோன தைலசினுக்குப் பை இருந்தது. இந்த எலும்பு அதில் வெறும் குருத்தெலும்பாகச் சுருங்கிப்போயிருந்தது.

அப்போ பெராதீரியத்துக்குப் பை இருந்ததா இல்லையா?

எலும்பை வைத்துச் சொல்ல இயலாது. பை என்பது தோல் மடிப்பு, கல்லில் தங்காது. பை எலும்பு இருப்பது பை இருந்ததற்குச் சான்றல்ல என்று மேலே பார்த்தோம். மேலும், இன்று தென்னமெரிக்காவில் வாழும் மார்மோசா, மோனோடெல்ஃபிஸ் போன்ற சிறு ஒப்போசங்களுக்குப் பையே கிடையாது. குட்டிகள் முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு வெளியே தொங்கியபடி வளர்கின்றன. பெராதீரியத்தைப் படமாக வரைபவர்கள் அழகான கங்காருப் பை ஒன்றை வரைந்துவிடுகிறார்கள். அது ஓவியரின் உரிமை, அவ்வளவுதான்.

எப்படியோ, அந்த எலும்பு இருந்தாலே பைப்பாலூட்டிதானே? கூவியே அப்படித்தானே முடிவு பண்ணினார்?

இன்று அப்படி முடிவு செய்தால் தப்பாகிவிடும். முட்டையிடும் பிளாட்டிபஸ், எக்கிட்னாவுக்கு இது உண்டு. அழிந்துபோன பல்முகட்டுப் பாலூட்டிகளுக்கும் உண்டு. 1997இல் மங்கோலியாவின் உகாதீரியத்தில் இந்த எலும்பு இருப்பதாக வெளியிட்டபோது விஷயம் இன்னும் தெளிவாகியது. உகாதீரியம் நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் பக்கத்து உறவு, அதாவது பசு, பூனை, மனிதன் இருக்கும் பக்கம். பாலூட்டிகளின் பொது மூதாதையிடமே இந்த எலும்பு இருந்தது, நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் பிற்பாடு அதை இழந்துவிட்டன என்பதே இதன் பொருள்.

கூவியேயின் முடிவு சரி, காரணம் பாதி சரி. அவருடைய விலங்கு பைப்பாலூட்டிப் பக்கம்தான் என்பதை உண்மையில் உறுதிப்படுத்துவது தாடையும் பற்களும். அவரே முதலில் பார்த்தது அவற்றைத்தான். ஆனாலும் எல்லோருக்கும் நினைவிருப்பது எஃகு முனையால் சுரண்டிய காட்சிதான்!

வெறும் பல்லை வச்சு எப்படி இனத்தையே கண்டுபிடிக்கிறாங்க? கொஞ்சம் ஓவரா தெரியலையா?

ஊர்வனவற்றின் பல் என்றால் சந்தேகம் நியாயம்தான். அவற்றில் பெரும்பாலானவை கூம்பு கூம்பாக ஒன்றுபோலவே இருக்கும். பாலூட்டியின் கடைவாய்ப்பல் அப்படியல்ல. மேல்பல்லின் ஒவ்வொரு முகடும் கீழ்ப்பல்லின் ஒரு பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். முகடுகளின் எண்ணிக்கை, உயரம், இடம், அவற்றை இணைக்கும் வரப்புகள் எல்லாம் மரபு வழியே இறுக்கமாக வருபவை. பல்லின் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள் என்பதால் எலும்பு கரைந்த பிறகும் அது மிஞ்சுகிறது.

பெராதீரியம் போன்றவற்றில் பார்க்க வேண்டியவை இவை. மேல்கடைவாய்ப்பல்லின் கன்னப் பக்கம் ஓர் அகன்ற திண்ணை இருக்கும், அதன் ஓரத்தில் சிறு முகடுகள் வரிசையாக நிற்கும். நடு வரப்பு நேராக ஓடாமல் கன்னப் பக்கம் வளைந்து, பார்ப்பதற்கு 'வி' போல மடங்கியிருக்கும். கீழ்க்கடைவாய்ப்பல்லின் பின்பகுதியில் நாக்குப் பக்கம் இரண்டு முகடுகள் இரட்டையர் போல ஒட்டி நிற்கும். இந்த மூன்றும் ஒருசேர இருந்தால் குடும்பம் வரை துணிந்து சொல்லலாம். சிற்றினம் சொல்ல ஒரே பல் போதாது. ஒரே இடத்தில் கிடைத்த பல பற்களின் அளவுகளை வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டு, அவை ஒரே கூட்டமாக விழுகின்றனவா இரண்டாகப் பிரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்னத் தாடை கையில இருக்கு. ஒப்போசமா, முள்ளெலி மாதிரி ஏதாவதான்னு எப்படிப் பார்க்கறது?

முதலில் கடைவாய்ப் பற்களை எண்ணுங்கள். எண்ணத் தொடங்க வேண்டியது பின்னாலிருந்து. பைப்பாலூட்டிப் பக்கம் என்றால் நான்கு கடைவாய்ப்பல், அதற்கு முன் மூன்று முன்கடைவாய்ப்பல். முள்ளெலி, மூஞ்சூறு போன்றவற்றுக்குக் கடைவாய்ப்பல் மூன்று. பல் விழுந்திருந்தாலும் கவலையில்லை, வேர்க்குழிகளை எண்ணலாம். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு குழி.

அடுத்தது கூவியே பார்த்த அதே இடம். தாடையின் பின்மூலை உள்பக்கமாக அலமாரித் தட்டு போல மடிந்திருக்கிறதா என்று கீழிருந்து பாருங்கள். பெரும்பாலான மாதிரிகளில் இந்தத் தட்டு உடைந்துதான் கிடைக்கும். உடைந்த விளிம்பு எந்தப் பக்கம் நோக்கிப் போகிறது என்பதை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். தட்டு 'காணோம்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்தவர்கள் நிறையத் தவறியிருக்கிறார்கள்.

மூன்றாவது, பால்பல். பைப்பாலூட்டிகளில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி முன்கடைவாய்ப்பல் ஒன்று மட்டுமே விழுந்து முளைக்கும். அந்தப் பால்பல் பார்ப்பதற்கு ஒரு கடைவாய்ப்பல் போலவே இருப்பதால், குட்டியின் தாடையில் கடைவாய்ப்பல் ஐந்து என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பல்லை மண்ணுக்குள்ளேருந்து எப்படி எடுக்கறாங்க?

கண்ணால் தேடி எடுப்பதில்லை. மண்ணையே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து சலிக்கிறார்கள். எந்த அடுக்கு, எந்தப் பிளவு என்று ஒவ்வொரு மூட்டைக்கும் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு சீட்டு.

களிமண்ணை முதலில் வெயிலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். இதுதான் பலருக்குப் புரியாத படி. ஈரக் களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் பிசைந்த மாவு போல அப்படியே கிடக்கும். நன்றாகக் காய்ந்ததைப் போட்டால் தண்ணீரை உறிஞ்சி, குமிழ் விட்டு, தானாகவே பொலபொலவென உதிரும். அங்ககப் பொருள் நிறைந்த கறுப்புக் களியென்றால் சில சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பார்கள். ஊறியதை அடுக்குச் சல்லடையில் ஊற்றுவார்கள். மேலே 2 அல்லது 3 மில்லிமீட்டர் கண், கீழே 0.5 மில்லிமீட்டர் கண். தண்ணீரை மெதுவாகத் தெளித்து அலச வேண்டும்.

மிஞ்சிய கசடைக் காயவைத்து, அளவுவாரியாகப் பிரித்து, சிறு தட்டில் மணல் மேல் மணல் ஏறாதபடி பரப்பி, 10 முதல் 20 மடங்கு பெரிதாக்கும் இருகண் நுண்ணோக்கியின் கீழ் பார்ப்பார்கள். கிடைத்த பல்லை எடுப்பது இடுக்கியால் அல்ல, நுனி நனைத்த தூரிகையால். பிறகு, வேண்டும்போது கரைத்து எடுக்கக்கூடிய பசையால் குண்டூசித் தலையில் ஒட்டி, ஊசியைக் குப்பியின் தக்கையில் குத்திவைப்பார்கள். கெட்டியான சுண்ணாம்புப் பாறையென்றால் சலிப்பதற்கு முன் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைக்க வேண்டும், 5 முதல் 10 சதவீதம் போதும். சுண்ணாம்பு கரையும், பல்லின் பாஸ்பேட் பெரிதும் தப்பும்.

இதுல வழக்கமா எங்க சொதப்பும்?

சல்லடைக் கண்ணில்தான் அதிகம். 1 மில்லிமீட்டர் கண் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வெட்டுப்பற்களும் சின்ன முன்கடைவாய்ப்பற்களும் தண்ணீரோடு ஓடிவிடும். பிறகு 'இங்கே பெரிய இனம் மட்டுமே இருந்தது' என்று எழுதுவார்கள். அந்த முடிவைச் சொன்னது சல்லடை, மண்ணல்ல.

அடுத்தது அவசரம். குழாயைப் பீய்ச்சி அடித்தால் மேல்பல்லின் கன்னப் பக்கத் திண்ணை உடைந்துபோகும். அடையாளம் காண முக்கியமான முகடுகள் இருப்பதே அங்கேதான். அமில வேலையில் வேறொரு தொல்லை. அமிலத்தில் இருந்ததைவிடக் குறைந்தது மூன்று மடங்கு நேரம் ஓடும் நீரில் அலச வேண்டும். இல்லையென்றால் உள்ளே தங்கிய உப்பு காயும்போது படிகமாகி எனாமலை உரித்துவிடும். அமிலத்தில் கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட்டை முன்கூட்டியே கலந்து வைத்தால் பல் அரிப்பது குறையும். மோன்மார்த்ர் ஜிப்சத்துக்கு இந்த அமில வழி உதவாது, ஜிப்சம் சல்பேட். அங்கே இன்றும் ஊசிமுனைதான்.

முழு எலும்புக்கூடு கிடைச்சதே இல்லையா?

அபூர்வமாகக் கிடைக்கிறது. மோன்மார்த்ர் ஒன்று. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்கு அருகே உள்ள மெஸ்ஸல் குழியில், சுமார் 4.7 கோடி ஆண்டுப் பழைய எண்ணெய்ப் பாறையில், இதன் உறவினங்களின் கூடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பாறை நீர் நிறைந்தது, காய்ந்தால் தாள் தாளாக வெடித்து எலும்பும் தூளாகும். ஆகவே ஈரம் காயாமல் வைத்திருந்து, ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து அதன்மேல் செயற்கைப் பிசினை ஊற்றி, இறுகியதும் திருப்பிப் போட்டு மறுபக்கப் பாறையை அகற்றுவார்கள். முடிவில் எலும்புக்கூடு பாறையிலிருந்து பிசினுக்கு இடம் மாறியிருக்கும்.

அமெரிக்காவின் வயோமிங்கில் ஹெர்பெட்டோதீரியம் என்ற உறவினத்தின் நல்ல கூடுகள் உண்டு. ஒலிகோசீன் தொடக்கக் காலத்தவை. 2007இல் வெளியான அந்த ஆய்வு பெராதீரியத்தைப் பற்றிய பேச்சையே மாற்றிவிட்டது. கீழே வருகிறது.

என்ன சாப்பிட்டது? மரம் ஏறுமா?

பல் கூர்மையான முகடும் வெட்டும் வரப்பும் கொண்டது. வண்டின் ஓட்டைத் துளைத்து நறுக்குவதற்கு ஏற்றது. பூச்சி முதன்மை உணவு, கிடைத்தால் புழு, சிறு முதுகெலும்பிகள், பழம் என்று கொள்வதில் தவறில்லை. இன்றைய சிறு ஒப்போசங்களும் அப்படித்தான்.

மரம் ஏறுவதைப் பல்லை வைத்துச் சொல்ல முடியாது. வயோமிங் ஹெர்பெட்டோதீரியத்தின் கைகால் எலும்புகள் தரையில் வாழ்ந்ததற்கான அடையாளங்களைக் காட்டுகின்றன. மெஸ்ஸலிலோ நீண்ட வாலோடு மரத்தில் வாழ்ந்த ஒன்றும் கிடைத்திருக்கிறது. பூச்சி தின்னும் பல்தான் இரண்டுக்கும், ஆனால் ஒன்று தரையில், ஒன்று மரத்தில். பல்லை மட்டும் பார்த்து வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களை அதனால்தான் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

ஆம்பிபெராதீரியம், ஹெர்பெட்டோதீரியம், பெராடெக்டெஸ்னு என்னென்னமோ வருதே, எல்லாம் ஒண்ணுதானா?

முதல் இரண்டும் பெராதீரியமும் ஒரே குடும்பம், ஹெர்பெட்டோதீரியிடே. பெராதீரியமும் ஆம்பிபெராதீரியமும் ஐரோப்பாவில் ஒரே இடத்திலேயே சேர்ந்து கிடைப்பவை. கடைவாய்ப்பற்களின் நுணுக்கங்களால் மட்டுமே பிரிக்கப்படுபவை. 1980இல் ழான்-ஈவ் குரோஷே ஐரோப்பியப் பைப்பாலூட்டிகளைப் பற்றி எழுதிய பெரிய ஆய்வு இந்தப் பிரிப்புக்கு அடிப்படை. ஹெர்பெட்டோதீரியம் வட அமெரிக்கக் கிளை, 1873இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் கோப் பெயரிட்டது.

பெராடெக்டெஸ் வேறு குடும்பம். அதன் மேல்பல்லின் நடு வரப்பு மேலே சொன்னபடி 'வி'யாக மடங்காமல் ஏறத்தாழ நேராக ஓடும். ஒரு பல்லைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பழைய புத்தகத்துல கொலராடோவுலயும் பெராதீரியம் கிடைச்சதா போட்டிருக்கே?

புத்தகம் பொய் சொல்லவில்லை, பெயர்தான் மாறியது. நீண்ட காலம் வட அமெரிக்க மாதிரிகளையும் பெராதீரியம் என்றே எழுதினார்கள். 1980களில் அவற்றைப் பிரித்து, கோப் வைத்த ஹெர்பெட்டோதீரியம் என்ற பெயரை மீட்டெடுத்தார்கள். 1980க்கு முந்திய நூலில் 'அமெரிக்கப் பெராதீரியம்' என்று கண்டால் பெரும்பாலும் ஹெர்பெட்டோதீரியம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

இப்ப அமெரிக்காவுல குப்பைத்தொட்டியைக் கிளறுற ஒப்போசம் இதோட வாரிசா?

இல்லை. வட அமெரிக்காவில் இந்தப் பழைய கூட்டம், ஒலிகோசீனுக்கு அடுத்த மயோசீன் காலத்திலேயே அற்றுப்போயிற்று. அதன்பின் அந்தக் கண்டத்தில் ஒரு கோடி ஆண்டுக்கும் மேலாகப் பைப்பாலூட்டியே இல்லை. தென்னமெரிக்காவோடு பனாமா நிலப்பாலம் ஏற்பட்ட பிறகு தெற்கிலிருந்து ஏறிவந்த வம்சம்தான் இன்றைய வர்ஜீனியா ஒப்போசம். காலியான வீட்டுக்குப் பின்னர் வந்த குடித்தனக்காரர், பழைய சொந்தக்காரரின் பிள்ளை அல்ல.

அப்போ பெராதீரியத்தை ஒப்போசம்னே சொல்லக் கூடாதா?

கறாராகப் பார்த்தால் கூடாது. 2007இல் வயோமிங் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது, ஹெர்பெட்டோதீரியம் ஒப்போசங்களின் முன்னோடி அல்ல என்று தெரிந்தது. இன்று வாழும் பைப்பாலூட்டிகள் அனைத்தையும் ஒரே வட்டத்துக்குள் போட்டால், இது அந்த வட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கும் உடன்பிறப்பு. அதாவது ஒப்போசத்துக்குக் கங்காரு எவ்வளவு உறவோ, அதைவிடத் தூரத்து உறவு பெராதீரியம்.

அப்படியானால் ஏன் இவ்வளவு ஒத்திருக்கிறது? ஒப்போசம் பழைய வடிவத்தை அதிகம் மாற்றாமல் வைத்திருப்பதால். ஒத்திருப்பது மூதாதையின் உருவம், அது தனிப்பட்ட உறவுக்குச் சான்றல்ல. இந்தத் திருத்தத்தால் ஒரு சங்கடமும் வந்தது. இந்தக் கூட்டத்தைக் கழித்துவிட்டால் உண்மையான ஒப்போசங்களின் புதைபடிவ வரலாற்றில் மயோசீன் தொடக்கத்திலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ 4.5 கோடி ஆண்டு வெற்றிடம் விழுகிறது. பெராடெக்டெஸ் வகையறாவை அந்த இடத்தில் வைக்கலாமா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது. உள்காதைப் பொதிந்திருக்கும் எலும்பை நுண் சிடி ஸ்கேனில் பார்த்து ஒப்பிடுவது இப்போது அந்த வாதத்தின் முக்கிய ஆயுதம். இந்தப் பக்கத்தின் தலைப்பில் 'ஒப்போசம்' என்று போட்டிருப்பது, தேடுபவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறார்கள் என்பதால்.

பைப்பாலூட்டின்னா ஆஸ்திரேலியாதானே? ஐரோப்பாவுக்கு எப்படிப் போச்சு?

வரலாறு தலைகீழ். இந்தக் கூட்டத்தின் பழைய தடயங்கள் வட கண்டங்களில்தான். ஆஸ்திரேலியா தென்னமெரிக்கா, அண்டார்க்டிகா வழியாகப் பின்னர் போய்ச் சேர்ந்த இடம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் அருகே சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழைய ஒற்றை மேல்கடைவாய்ப்பல் ஒன்று கிடைத்து, 2005இல் மாஸ்ட்ரிக்டிடெல்ஃபிஸ் என்று பெயர் பெற்றது. அதையும் ஹெர்பெட்டோதீரியிடே குடும்பத்தில்தான் வைத்தார்கள். கிரீன்லாந்து வழியாக வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் நிலத்தால் தொட்டுக்கொண்டிருந்த காலங்கள் இருந்தன. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடேறியபோது அந்த வட வழி சிறு விலங்குகளுக்கும் பழகத்தக்கதாக இருந்தது. பெல்ஜியத்தின் பெராதீரியம் கான்ஸ்டன்ஸ் அதையொட்டிய காலத்தது.

ஏன் அழிஞ்சது?

ஒரே அடியில் அழியவில்லை. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், ஈயோசீனும் ஒலிகோசீனும் சந்திக்கும் இடத்தில், பூமி குளிர்ந்தது. ஆசியாவிலிருந்து புதிய பாலூட்டிகள் ஐரோப்பாவுக்குள் புகுந்தன. இந்தப் பெரும் மாற்றத்தை 'பெரும் முறிவு' என்கிறார்கள், பிரெஞ்சில் 'கிராந்த் கூப்யூர்'. மோன்மார்த்ர் ஜிப்சத்தில் கூடவே கிடைத்த பல பெரிய விலங்குகள் அந்த முறிவோடு முடிந்தன. பெராதீரியம் அதைத் தாண்டியது.

கடைசிவரை தாக்குப்பிடித்தது அதன் உறவான ஆம்பிபெராதீரியம். மயோசீன் நடுப்பகுதி வரை ஜெர்மனிப் பக்கம் கிடைக்கிறது. அப்புறம் ஐரோப்பாவில் பைப்பாலூட்டி இல்லை. குளிர், வெப்பமண்டலக் காடுகள் குறைந்தது, மூஞ்சூறு முள்ளெலிகளோடு உணவுப் போட்டி என்று காரணங்கள் சொல்கிறார்கள். காலநிலையோடு காலம் பொருந்துகிறது. போட்டி என்பதற்கு நேரடிச் சான்று காட்டுவது கடினம்.

இந்தியாவுல இந்த மாதிரி ஏதாவது கிடைச்சிருக்கா? தமிழ்நாட்டுல தேடலாமா?

பெராதீரியம் கிடைக்கவில்லை. ஆனால் குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், ஈயோசீன் தொடக்கக் காலப் படிவிலிருந்து 2005இல் இரண்டு புதிய பேரினங்களைப் பைப்பாலூட்டிகள் என்று வெளியிட்டார்கள்: இண்டோடெல்ஃபிஸ், யேகேரியா. எல்லாம் சலித்தெடுத்த பற்கள்தான். இரண்டு ஆண்டில் யேகேரியா பைப்பாலூட்டி அல்ல, வௌவால் என்று திருத்தினார்கள். பூச்சி தின்னும் வௌவாலின் மேல்கடைவாய்ப்பல்லிலும் 'வி' மடிப்பு உண்டு என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். பற்களை வைத்து இனம் காண்பது ஓவரா என்று கேட்டவருக்கு இதுவும் பதில்: வழி சரிதான், ஆனால் ஒரே அம்சத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாட்டில் புதைபடிவம் என்றதும் அரியலூர் நினைவுக்கு வரும். அங்குள்ள பாறைகள் பெரும்பாலும் கிரிட்டேசியஸ் காலக் கடல் வண்டல். அம்மோனைட்டும் சிப்பியும் தேடப் போகும் இடம் அது. நிலத்தில் வாழ்ந்த குட்டிப் பாலூட்டிக்கு ஆற்றுப் படுகை, ஏரி, குகைப் பிளவு போன்ற படிவு வேண்டும்.

கூவியேயின் கல்லை இப்பவும் பார்க்க முடியுமா?

பாரிஸின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. படங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பார்க்கும்போது இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றில் இல்லாத எலும்பு மற்றதில் இருக்கும். இடுப்பைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வயிற்றுப் பக்கம் முன்னோக்கி நீளும் இரண்டு மெல்லிய குச்சிகளைத் தேடுங்கள். அதைச் சுற்றியுள்ள கல் மற்ற இடங்களைவிடப் பள்ளமாக இருக்கும். எஃகு முனை இறங்கிய இடம் அது.